கண்ணாடிபோன்ற தண்ணீர்
(ஆதரவாளர் கூடுகையில் மருத்துவமனை குருவானவர் ஆற்றிய உரை)



சென்ற கோடையில், வயிற்றுப்போக்கினால் துவண்டு வந்த ஒரு பாட்டியம்மாளின் கட்டிலருகே நின்றோம். என்ன தண்ணீர் குடித்தீர்கள் என்று கேட்டோம். "ஆத்துத் தண்ணிதான் ஐயரே. கண்ணாடி மாதிரி கெடக்கு. துணிய மடிச்சு வடிகட்டித்தான் குடிக்கேன்" என்றார்கள்.

தாமிரபரணியைக் குறைசொல்ல நமக்கு மனம் வருமா? நாங்களும் அந்தத் தண்ணீரில் வளர்ந்தவர்கள்தாம். ஆனால் பொதிகையில் பிறக்கும் ஆறு நெல்லை மாநகரைக் கடக்கையில் சாக்கடையும் அதில் சேருகிறது.

வேதசாஸ்திரம் படித்த எங்களுக்குக் கிருமிகளைப்பற்றி அதிகம் தெரியாது. எங்கள் பரிசோதனைக்கூடத் தம்பிமார் பொறுமையாய் விளக்கியதையே சொல்லுகிறோம். வாந்திபேதிக் கிருமி நோயாளியின் குடலில் மட்டும் வாழ்வதன்று. ஆற்றுநீரும் கடல்நீரும் கலக்கும் கழிமுகங்கள் அதற்குச் சொந்த வீடு. கூனி இறாலைவிட மிகச் சிறிய நீர்ப்பூச்சிகளின் ஓட்டில் ஒட்டிக்கொண்டு பெருகும். அங்கே இருக்கையில் பக்கத்துக் கிருமிகள் விட்டுச்சென்ற மரபணுத் துண்டுகளையும் எடுத்துத் தனதாக்கிக்கொள்ளும். நஞ்சை உண்டாக்கும் மரபணுக்களை அதற்குக் கொண்டுவந்ததே ஒரு வைரஸ் என்று 1996இல் கண்டறிந்தார்கள். ஆகவே ஒரே பெயருடைய கிருமிகளில் சாதுவானவையும் உண்டு, கொல்லக்கூடியவையும் உண்டு.

இது எங்கோ நடந்த கதையல்ல. 1992 அக்டோபரில் சென்னையில் வாந்திபேதி பரவிற்று. பச்சைநிற ஊட்டத்தட்டில் வழக்கம்போல மஞ்சள் பொட்டுகளாய்க் கிருமி வளர்ந்தது. சீரம் துளியை விட்டால் திரளவேண்டும், திரளவில்லை! அதுவரை அறிந்த 138 வகைகளில் முதலாம் வகையே பெருங்கொள்ளைநோயை உண்டாக்கும் என்று உலகம் நம்பியிருந்தது. இதுவோ புதியது. 139ஆம் எண்ணைக் கொடுத்தார்கள். மதுரை, வேலூர், கல்கத்தா என்று கண்டு, 1993இல் வங்கதேசத்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோரைப் பிடித்தது. பழைய நோய் தந்திருந்த எதிர்ப்புச்சக்தி இதற்கு உதவாததால் பெரியவர்களும் விழுந்தார்கள். பின்பு மரபணுக்களை ஆராய்ந்தபோது, பழைய முதலாம் வகையே மேலுறைக்கான மரபணுக்களை மாற்றிக்கொண்டு வந்திருந்தது தெரிந்தது. சில ஆண்டுகளில் அது ஒதுங்க, பழைய வகை மீண்டும் மேலோங்கியது.

சீரம் திரளவில்லையே, காலரா அல்ல என்று எழுதிவிட்டு அன்று அந்தத் தட்டைக் கழுவியிருந்தால்? கட்டில்களுக்குப் பெயர் பொறிக்க அநேகர் முன்வருகிறீர்கள், நன்றி. ஊட்டத்தட்டிலும் சீரக் குப்பியிலும் பெயர் பொறிக்க இடமில்லை. அதனால்தானோ என்னவோ, அவற்றுக்குக் காணிக்கை குறைவு. இவ்வாண்டு அவற்றுக்காகவே உங்களிடம் கேட்கிறோம்.

பாட்டியம்மாளின் துணியைப்பற்றி ஒன்று சொல்லவேண்டும். நாங்கள் உள்ளுக்குள் சிரித்தோம், அது தவறு. வங்கதேசக் கிராமங்களில் பழைய சேலையை நாலு மடிப்பாக மடித்துத் தண்ணீரை வடிக்கக் கற்றுக்கொடுத்தார்கள். காலரா ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது என்று 2003இல் வெளியிட்டார்கள். நூல் தளர்ந்த பழந்துணியில் நீர்ப்பூச்சிகள் தங்கிவிடும். அவற்றோடு கிருமியும் தங்கும். ஆனால் பூச்சியில் ஒட்டாமல் தனியே மிதக்கும் கிருமியைத் துணி பிடிக்காது. டைபாய்டுக்கும் அதை நம்பமுடியாது.

வீட்டுக்குப் போகும் நாளில், "துணியில் வடியுங்கள், பிறகு கொதிக்கவும் வையுங்கள்" என்றோம்.

"கேஸ் விக்கிற வெலையில தண்ணிய வேற கொதிக்க வைக்கணுமா ஐயரே?" என்று கேட்டார்கள். எங்களிடம் அதற்கு உடனே பதில் இல்லை.