பள்ளிப் பிள்ளைகளின் பகலுணவு
(சங்கத்தின் மாதர் பிரிவுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



பிள்ளைகளின் சோற்று டப்பாவைப் பற்றிப் பேச, சரக்கு அலுவலகத்தில் வாகன் கணக்குப் பதியும் ஒரு குமாஸ்தாவை மாதர் பிரிவினர் அழைத்தது ஏன் என்று சிலர் எண்ணக்கூடும். நான் மெட்ரிகுலேஷனுக்கு மேல் படித்தவன் அல்லேன். உணவு நூல் கற்றவனும் அல்லேன். எங்கள் வீட்டில் நடந்த ஒன்றைச் செயலாளர் அம்மையாரிடம் பேச்சுவாக்கில் சொன்னேன். அதையே மேடையில் சொல்லுமாறு பணித்துவிட்டார்கள்.

எங்கள் இளைய மகளுக்கு அப்போது வயது ஏழு. காலை ஏழு மணிக்குப் பள்ளி வண்டி வந்துவிடும். என் இல்லாள் ஐந்து மணிக்கே எழுந்து சோறு வடித்து, சாம்பார் சாதமோ தயிர்ச் சாதமோ பிசைந்து, சுடச்சுட எவர்சில்வர் டப்பாவில் அடைத்து அனுப்புவாள். மாலையில் டப்பா காலியாகவே திரும்பும். பிள்ளை ஒழுங்காக உண்கிறாள் என்று மகிழ்ந்திருந்தோம். எங்கள் அலுவலகத்தில் ஒரு வாகன் குறித்த நேரத்திற்குள் காலியாகாவிட்டால் டெமரேஜ் விதிப்போம். காலியாகிவிட்டால், உள்ளிருந்த சரக்கு எங்கே போயிற்று என்று நாங்கள் கேட்பதில்லை. வீட்டிலும் அவ்வாறே இருந்துவிட்டேன்.

2023ஆம் ஆண்டு மழைக்காலத்தில் குழந்தை அடிக்கடி சோர்ந்து படுக்கலானாள். மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கிற்று. இரத்தம் எடுத்துப் பார்த்த மருத்துவர், இந்த வயதில் 11.5 கிராமுக்குக் குறையாமல் இருக்க வேண்டிய ஹீமோகுளோபின் 9.8 தான் இருக்கிறது என்றார். இரும்புச்சத்து மருந்தும் பூச்சி மாத்திரையும் எழுதித் தந்து, "பகலில் என்ன உண்கிறாள் என்று பாருங்கள்" என்று சொல்லி அனுப்பினார். டப்பா காலியாகத்தான் வருகிறது, ஐயா, என்றேன். அவர் சிரித்தார்.

இஃது எங்கள் வீட்டுக் குறை மட்டும் அன்று. 2019 முதல் 2021 வரை நடந்த தேசியக் குடும்பநல ஆய்வின்படி, இந்நாட்டில் ஆறு மாதத்திற்கு மேல் ஐந்து வயதிற்கு உட்பட்ட குழந்தைகளுள் நூற்றுக்கு 67 பேர் இரத்தசோகை உடையவர்கள்.

ஒரு நாள் எனக்கு ஓய்வு. குழந்தை மறந்துவிட்டுப் போன தண்ணீர்க் குப்பியைக் கொடுக்க உணவு வேளையில் பள்ளிக்குச் சென்றேன். மதிற்சுவர் ஓரமாக நின்று, என் மகள் டப்பாவைக் கவிழ்த்துக் காக்கைகளுக்குக் கொட்டிக் கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் முகம் வெளிறிவிட்டது. "அப்பா! திறந்தவுடன் ஒரு மாதிரி வாடை அடிக்கிறது. பக்கத்தில் இருப்பவர்கள் மூக்கைப் பிடிக்கிறார்கள்" என்றாள். நான் ஒன்றும் சொல்லவில்லை. செய்தி கேட்டு இல்லாள் அன்று இரவு முழுதும் அழுதாள். ஐந்து மணிக்கு எழுந்த உழைப்பெல்லாம் காக்கைக்குப் போயிற்றே என்பது அவள் துயரம்.

குழந்தையை அடிக்க வேண்டும் என்றுதான் எனக்குத் தோன்றிற்று. தடுத்தவர் என் தந்தையார். அவர் திண்டிவனத்தை அடுத்த சிற்றூரில் பிறந்தவர். 1956இல் காமராசர் ஆட்சியில் தொடங்கிய பள்ளி மதிய உணவை உண்டு வளர்ந்த தலைமுறை. அந்த ஒருவேளைச் சோற்றுக்காகவே பள்ளிக்குச் சென்றதாக இன்றும் சொல்வார். சோற்றைக் கொட்டினாள் என்றால் முதலில் சினம் கொள்ள வேண்டியவர் அவர்தாம். அவரோ, "எங்களுக்குப் பசி இருந்தது, தட்டில் எது விழுந்தாலும் இறங்கிற்று. இவளுக்கு வெட்கம் பசியை வென்றுவிட்டது. டப்பாவை நீ ஒரு நாள் பகலில் திறந்து பார்" என்றார்.

மறுநாள் அதே சாதத்தை அதே டப்பாவில் அடைத்து அலுவலகம் கொண்டு சென்றேன். பதினொரு மணிக்குத் திறந்தேன். ஆவி நீராகி மேலே மிதந்தது. சாதம் புளித்துக் கொழகொழவென்று இருந்தது. நானும் அதை உண்ணவில்லை. காக்கைக்கு வைத்தேன் என்று ஒப்புக்கொள்கின்றேன்.

ஆகவே முதல் மாறுதல் சமையலில் அன்று, மூடுவதில். சாதத்தைத் தாம்பாளத்தில் பரப்பி ஆற வைத்த பின்பே டப்பாவில் இட வேண்டும். தயிர்ச் சாதத்திற்கு நம் பாட்டிமார் செய்த வழியே சிறந்தது: குழைந்த சோற்றில் காய்ச்சி ஆறிய பாலை நிறைய ஊற்றி, தயிர் ஒரு கரண்டி மட்டும் சேர்த்தால், பகல் வேளைக்குப் பதமாகத் தோய்ந்திருக்கும். சித்திரை வைகாசி வெயிலில் தேங்காய்ச் சட்னியும் சாம்பார் சாதமும் வேண்டா. புளிச்சாதம், எலுமிச்சைச் சாதம், மிளகாய்ப்பொடியும் நல்லெண்ணெயும் தடவிய சிறு இட்டலி ஆகியவை வெயிலைத் தாங்கும்.

இரண்டாவது, நாம் சரக்கு வாங்கும் இடம். ஊரிலிருந்து யாரேனும் வந்தால் கேழ்வரகு மாவும் முருங்கைக்கீரைப் பொடியும் கேட்டு வாங்குகிறோம். அவை வரும்வரை உருளைக்கிழங்கு வறுவலே கதி என்று இருக்கிறோம். இந்தக் கரக்பூர் கோல் பஜாரில் செக்கச்செவேலென்று குவிந்து கிடக்கும் 'லால் ஷாக்' கீரையைத் தாண்டிக்கொண்டே போகிறோம். அது நம் தண்டுக்கீரைக் குலத்தைச் சேர்ந்ததே. அதைப் பொடியாக அரிந்து, பாசிப்பருப்போடு வேகவைத்து, சீரகமும் பூண்டும் தாளித்துச் சோற்றில் பிசைந்தால் சாதம் ரோஜா நிறம் கொள்ளும். என் மகள் முதல் நாள் அதைக் கண்டு கைகொட்டினாள். வகுப்பில் அதற்குப் 'பிங்க் பாத்' என்று பெயராம். மூக்கைப் பிடித்த பிள்ளைகளே ஒரு வாய் கேட்டார்கள் என்றாள்.

கீரையில் உள்ள இரும்புச்சத்தை உடல் எளிதில் ஏற்பதில்லை. உடன் எலுமிச்சையோ கொய்யாவோ இருந்தால் ஏற்கும். தேநீர் இருந்தால் தடுக்கும். இங்கே சிறு பிள்ளைகளுக்கும் காலையில் தேநீர் கொடுக்கும் வழக்கம் நம் வீடுகளில் புகுந்திருக்கிறது. அதை இன்றே விட்டுவிடுங்கள். கொய்யாத் துண்டு நான்கு, மேலே சிறிது உப்புத் தூவி, சிறு டப்பியில் வைத்தனுப்புவது பெரிய செலவன்று.

ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2020இல் வகுத்த அளவின்படி, ஏழு முதல் ஒன்பது வயதுப் பிள்ளைக்கு நாளொன்றுக்குப் புரதம் ஏறத்தாழ 23 கிராம் வேண்டும். அவித்த முட்டை ஒன்றில் 6 கிராம் அளவு உண்டு. முட்டை உண்ணாத வீட்டாருக்கு நான் சொல்ல விரும்புவது சத்து மாவு. நம் பொட்டுக்கடலை மாவுக்கு அது நெருங்கிய உறவு. பக்கத்து குவார்ட்டர்ஸில் இருக்கும் பீகார் அம்மையார் அதில் வெங்காயம், ஓமம், எலுமிச்சைச் சாறு சேர்த்துச் சப்பாத்திக்குள் வைத்துத் திரட்டுவார். கடுகெண்ணெய் வாடை நம் பிள்ளைகளுக்கு ஒவ்வாமையால், என் இல்லாள் நல்லெண்ணெயும் சிறிது கறிவேப்பிலைப் பொடியும் சேர்க்கிறாள். ஆறினாலும் தோல்போல் ஆவதில்லை. நம் அடையோ ஆறினால் விறைத்துவிடும். பரங்கிக்காயைத் துருவி மாவில் கலந்து சிறு அடைகளாக வார்த்தால் மெத்தென்றிருக்கும்.

அவல் உப்புமாவில் குளிர்காலத்துப் பச்சைப் பட்டாணியும் காரட்டும் சேர்க்கலாம். மார்கழியில் இங்கு வரும் ஈச்ச வெல்லத்தின் மணத்தை நம் கருப்பட்டி அறிந்தவர்கள் விடமாட்டார்கள். வேர்க்கடலையை வறுத்துப் பொடித்து அவ்வெல்லத்தோடு உருண்டை பிடியுங்கள். ஐந்து வயதிற்குட்பட்ட குழந்தைக்கு முழுக் கடலை கொடுத்தல் ஆகாது, தொண்டையில் அடைத்துக்கொள்ளும். திராட்சையையும் நீளவாக்கில் பிளந்தே கொடுக்க வேண்டும். புடலைக்குத் தங்கையான பட்டோலை மட்டும் என் மகள் இன்றுவரை தொடவில்லை. நானும் தொடுவதில்லை, எனவே வற்புறுத்த வாயில்லை.

பிஸ்கட் பொட்டலம் வைத்தனுப்பும் வழக்கத்தைப் பற்றிச் சிலர் கேட்டார்கள். மைதா, சர்க்கரை, எண்ணெய் இம்மூன்றையும் வயிற்றில் இட்ட பின் பிள்ளைக்குச் சோறு எங்கே இறங்கும்? அவசரத்திற்கு ஒரு நாள் போனால் போகட்டும். அவ்வளவே.

டப்பாவை நிறைக்கவும் வேண்டா. ஏழு வயதுப் பிள்ளைக்கு அரை மணி நேர இடைவேளை. அதில் பாதி ஓட்டத்திலும் பேச்சிலும் போய்விடும். இரண்டு கை சாதம், ஒரு பழம், ஒரு உருண்டை போதும். குறைந்தால் மாலையில் உண்பாள். எங்கள் வீட்டில் ஞாயிறு மாலையில் வரும் வாரத்துக்கு என்ன வேண்டும் என்று அவளையே கேட்டு, நாட்காட்டியில் எழுதி வைக்கிறோம். ஐந்து நாளில் இரண்டு அவள் விருப்பம், மூன்று எங்கள் விருப்பம். பேரம் சிலசமயம் சரக்கு அலுவலகத்தை விடக் கடுமையாக நடக்கும்.

நான்கு மாதம் கழித்து மறுபடி இரத்தம் பார்த்தோம்: 11.7. மருந்தின் பங்கே பெரிது என்று மருத்துவர் சொன்னார், நானும் மறுக்கவில்லை. டப்பா இப்போது சிலசமயம் கால் பங்கு மிச்சத்தோடு திரும்புகிறது. மிச்சத்தைக் கண்டால் இல்லாளுக்கு முகம் மலர்கிறது. கொட்டவில்லை என்பது அதனால் தெரிகிறதாம்.

எங்கள் குவார்ட்டர்ஸ் பின்புறத்து முருங்கை நன்றாகத் தழைத்திருக்கிறது. கீரை வேண்டுவோர் ஞாயிறு காலை எட்டு மணிக்கு மேல் வந்து பறித்துக்கொள்ளலாம். நாயைக் கட்டி வைக்கிறோம்.