குழந்தையின் குரலுக்கு எந்த ஒயர்?

(விருத்தாசலத்தில் ஆசிரியர்களுக்கான பயிற்சி அமர்வில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் பள்ளி ஆண்டு விழாவில் ஆறாம் வகுப்பு மாணவி ஒருத்தி பேச வந்தாள். மூன்று வாரம் பயிற்சி எடுத்தவள். வாயைத் திறந்ததும் ஒலிபெருக்கியில் ‘ம்ம்ம்’ என்று ஓர் இரைச்சல் எழுந்தது. அவள் நிறுத்தினாள். மீண்டும் தொடங்கினாள். இரைச்சல் அடங்கவில்லை. கூட்டத்தில் சிலர் சிரித்தார்கள். அவள் பாதியிலேயே இறங்கிவிட்டாள். “பிள்ளைக்கு மேடைப் பயம்” என்றார்கள். மறுநாள் பொருள்களை எடுத்துவைக்கும்போதுதான் பார்த்தேன். மைக் ஒயரும் மின்விளக்குக்குப் போன ஒயரும் இருபது மீட்டர் தூரத்துக்கு ஒரே கட்டாகக் கட்டப்பட்டிருந்தன. பார்க்க நேர்த்தியாக இருக்கட்டும் என்று அப்படிக் கட்டியது நான்தான். தவறு அந்தப் பிள்ளையுடையது அல்ல, என்னுடையது.

அன்றிலிருந்து ஒயர்களைப் பற்றிக் கற்றுக்கொண்டதில் நம் பள்ளிகளுக்குப் பயன்படுவதை மட்டும் இன்று சொல்கிறேன்.

முதலில் ஒரு கேள்வி. இந்த ஒயரில் போகும் மின்சாரம் மெலிந்ததா, வலுவானதா? சாதாரண மேடை மைக் தருவது சில மில்லிவோல்ட்தான். 100 வாட் ஆம்ப்ளிஃபயர் 8 ஓம் ஸ்பீக்கருக்குத் தருவது ஏறத்தாழ 28 வோல்ட். இரண்டுக்கும் இடையே ஆயிரக்கணக்கான மடங்கு வித்தியாசம். மெலிந்ததற்குக் காவல் வேண்டும். வலுவானதற்கு அகலமான பாதை வேண்டும். ஒயர் தேர்வின் சாரம் இவ்வளவுதான்.

மைக் ஒயரை எடுத்துக்கொள்வோம். நம் ஊர்ப் பீங்கான் தொழிற்கூடங்களை அறிந்தவர்களுக்குத் தெரியும்: பீங்கான் மின்சாரத்தைக் கடத்தாது. அதனால்தான் பியூஸ் கேரியரை அதில் செய்கிறார்கள். ஒயரின் மேல் உள்ள பிளாஸ்டிக் உறையும் அந்த வேலையைத்தான் செய்கிறது. ஆனால், அது மின்சாரம் வெளியே கசியாமல்தான் காக்கும். வெளியிலிருந்து வரும் இரைச்சலைத் தடுக்காது. அதற்கு உள்ளே செப்புக் கம்பி வலை வேண்டும். இதைத்தான் ஷீல்டு என்கிறோம். கடையில் வாங்கும்போது ஒயரின் முனையைச் சீவிப் பாருங்கள். வலை நெருக்கமாக இருந்தால் நல்லது. நான்கைந்து கம்பிகள் மட்டும் சுற்றியிருந்தால் வேண்டாம்.

ஷீல்டு மட்டும் போதுமா? நீண்ட தூரத்துக்குப் போதாது. அதற்காகத்தான் ஷீல்டுக்குள் இரண்டு கம்பிகள் உள்ள ஒயரும், மூன்று முனை கொண்ட எக்ஸ்எல்ஆர் பிளக்கும் வந்தன. இரு கம்பிகளிலும் ஒரே ஒலி எதிரெதிர்க் குறியோடு செல்கிறது. கரும்பலகையில் எழுதினால் மாணவருக்கும் புரியும். ஒன்றில் +3, மற்றொன்றில் –3. வழியில் சேரும் இரைச்சல் இரண்டிலும் ஒரே அளவு. +2 என்று வைப்போம். இப்போது 5, –1 என்று ஆகிறது. மிக்சர் இரண்டின் வித்தியாசத்தை எடுக்கிறது: 5 – (–1) = 6. ஒலி முழுதாக வந்துவிட்டது. இரைச்சல் காணாமல் போனது. ஏழாம் வகுப்பு முழுக்களின் கழித்தல்தான் இது!

இங்கே ஓர் எச்சரிக்கை. பல பள்ளிகளில் உள்ள ஒயரில் மைக் பக்கம் எக்ஸ்எல்ஆரும், ஆம்ப்ளிஃபயர் பக்கம் சாதாரண கால் அங்குல மோனோ ஜாக்கும் இருக்கும். அதில் இந்தக் கழித்தல் நடக்காது. ஐந்தாறு மீட்டருக்குள் சமாளிக்கலாம். அதற்கு மேல் என்றால் இரு முனையிலும் எக்ஸ்எல்ஆர் உள்ள ஒயரையும், அதை ஏற்கும் மிக்சரையும் பயன்படுத்துங்கள். மின் ஒயரோடு சேர்த்துக் கட்டாதீர்கள். குறுக்கிட வேண்டியிருந்தால் செங்குத்தாகக் கடக்கவிடுங்கள்.

அடுத்து ஸ்பீக்கர் ஒயர். இதற்கு ஷீல்டு தேவையில்லை, தடிமன்தான் முக்கியம். மின்தடை நீளத்துக்கு நேர்விகிதம், குறுக்குவெட்டுப் பரப்புக்கு எதிர்விகிதம் என்று நாமே பாடம் நடத்துகிறோம். ஸ்பீக்கர் 20 மீட்டர் தள்ளி இருந்தால், போக வர 40 மீட்டர் செம்பு. 0.5 சதுர மில்லிமீட்டர் ஒயரில் மின்தடை ஏறத்தாழ 1.4 ஓம். 8 ஓம் ஸ்பீக்கர் என்றால் ஏழில் ஒரு பங்குத் திறன் ஒயரிலேயே வெப்பமாகப் போய்விடும். 2.5 சதுர மில்லிமீட்டர் ஒயரில் முப்பதில் ஒரு பங்குதான் வீணாகும். அவசரத்துக்கு மைக் ஒயரை ஸ்பீக்கருக்குப் போடாதீர்கள். அதன் மெல்லிய கம்பி சூடாகும். ஆம்ப்ளிஃபயருக்கும் கேடு வரலாம்.

பாடங்களைப் பதிவு செய்யும் ஆசிரியர்களுக்கு ஒரு வார்த்தை. 2019-இல் கல்வித் தொலைக்காட்சி தொடங்கிய பிறகு, கைப்பேசியில் பாடம் பதிவு செய்யும் ஆசிரியர்கள் நம்மிடையே பெருகியிருக்கிறார்கள். சட்டையில் மாட்டும் மைக் வாங்கும்போது 3.5 மில்லிமீட்டர் பிளக்கில் உள்ள கறுப்பு வளையங்களை எண்ணுங்கள். கேமராவுக்கானதில் பெரும்பாலும் இரண்டு, கைப்பேசிக்கானதில் மூன்று. மாறிப்போனால் ஒலியே பதிவாகாமல் போகலாம். பதிவின்போது சார்ஜரைக் கழற்றிவிடுங்கள். இரைச்சல் அதிலிருந்தும் வரலாம்.

கடைசியாக, மிக முக்கியமானது. இரைச்சலைப் போக்க ஆம்ப்ளிஃபயர் பிளக்கின் எர்த் முனையைக் கழற்றிவிடும் பழக்கம் உண்டு. இரைச்சல் நின்றும் போகலாம். ஆனால், மைக்கின் உலோக உடல் ஷீல்டு வழியாக ஆம்ப்ளிஃபயரோடு இணைந்திருக்கிறது. உள்ளே ஒரு கசிவு ஏற்பட்டால், எர்த் இல்லாத அந்த மின்சாரம் மைக்கைப் பிடித்திருக்கும் குழந்தையின் கைக்கு வரும். மழை ஈரத்தில், வெறுங்காலோடு நிற்கும் குழந்தை அது. எர்த்தை ஒருபோதும் எடுக்காதீர்கள். ஒலிக்கருவிகள் அனைத்தையும் எர்த் சரியாக உள்ள ஒரே பலகையிலிருந்து இயக்குங்கள். பெரும்பாலும் இரைச்சல் அதிலேயே அடங்கிவிடும். விழாவுக்கு முன் எலக்ட்ரீஷியனை அழைத்து எர்த்தைச் சோதிக்கச் சொல்லுங்கள்.

நிதி குறைவு என்பது எனக்கும் தெரியும். எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்ற வேண்டாம். இருபது மீட்டர் நல்ல மைக் ஒயர் ஒன்று வாங்குங்கள். முழங்கையில் முறுக்கிச் சுற்றாமல் வட்டமாக, தளர்வாகச் சுற்றி ஆணியில் மாட்டிவையுங்கள். பல ஆண்டுகள் உழைக்கும். விழாவுக்கு முதல் நாள், மிக மெதுவாகப் பேசும் பிள்ளையை மைக் முன் நிறுத்திச் சோதியுங்கள். அந்தப் பிள்ளையின் குரல் கடைசி வரிசையில் தெளிவாகக் கேட்டால் உங்கள் ஒயர் சரியான ஒயர்.

அன்று பாதியில் இறங்கிய மாணவி அதன்பின் எங்கள் பள்ளி மேடையில் ஏறவே இல்லை. இன்னொரு பிள்ளைக்கு அப்படி நேராமல் பார்த்துக்கொள்வோம்.