குளக்கூட்டமும் உலக மாநாடும்



உலகின் பெரும் பொருளாதார நாடுகளின் தலைவர்கள் ஆண்டுதோறும் ஓரிடத்திற் கூடிப் பேசுகின்றனர். அப்பேச்சுக்கும் வன்னி நிலத்துக் கமக்காரனுக்கும் யாது தொடர்பு எனச் சிலர் வினவலாம். தொடர்பு மிக நெருங்கியது என்பதையே இன்று கூற விழைகின்றேன்.

கிளிநொச்சி இரணைமடுக் குளத்தின்கீழ்ச் சிறுபோகம் தொடங்குமுன் பயிர்ச்செய்கைக் கூட்டம் நடைபெறுவது வழக்கம். அதிகாரிகளும் கமக்காரரும் ஒருங்கே அமர்ந்து, குளத்து நீர் எத்தனை ஏக்கருக்குப் போதும், நீர் திறப்பது எந்நாள், நிறுத்துவது எந்நாள் என முடிவு செய்வர். நீர் எல்லார்க்கும் போதாது என்பதே அக்கூட்டத்தின் தோற்றுவாய். தலைவாய்க்காலில் உள்ளவன் தன் விருப்பப்படி மறித்துக்கொண்டால், கடைவாய்க்காலில் உள்ளவன் வயல் கருகிவிடுமன்றோ!

உலக மாநாடுகளும் இத்தகைய இடர்களிற் பிறந்தவையே. எண்ணெய் விலையேற்றத்தால் தளர்ந்த ஆறு நாடுகளின் தலைவர்கள் 1975இல் பிரான்சு தேசத்து ராம்புயேயிற் கூடினர். மறு ஆண்டு கனடாவும் சேர எழுவராயினர். 1999 முதல் நிதியமைச்சர் அளவில் இயங்கிய ஜி-20 அமைப்பின் தலைவர்கள், 2008ஆம் ஆண்டின் நிதி நெருக்கடியின்போதே முதன்முறையாக வாசிங்டனிற் கூடினர்.

இதனால் நமக்கு விளைந்தது யாது? வறிய நாடுகளின் கடனைச் சீரமைக்க 2020 நவெம்பரில் ஜி-20 ஒரு பொது ஒழுங்கை ஏற்றது. நடுத்தர வருமான நாடாகிய இலங்கை அதனுள் அடங்கவில்லை. 2022 ஏப்பிரலில் இலங்கை தன் வெளிநாட்டுக் கடனைச் செலுத்த இயலாதென அறிவித்தது. இந்தியா, யப்பான், பிரான்சு ஆகியவற்றின் இணைத்தலைமையில் கடன்கொடுத்தோர் குழு அமைந்ததோ 2023இல். சீனா தனியே பேசியது. 2024 யூன் 26 அன்றுதான், ஏறத்தாழ 580 கோடி டொலர் கடன் பற்றி அக்குழுவுடன் பாரிசில் உடன்பாடு கண்டது.

கடன் யாவும் தீதென்பதன்று. போரிற் சிதைந்த வடபகுதிப் புகையிரதப் பாதை இந்தியக் கடனுதவியால் மீண்டெழ, 2013 செப்டெம்பரில் கிளிநொச்சிக்கு வண்டி மறுபடியும் வந்தது. 2021இல் இரசாயன உர இறக்குமதியைத் தடைசெய்ததும் பிறநாட்டார் செய்த வினையன்று. நம் நாட்டின் முடிவே. ஆயினும், டொலர் அற்றுப்போன 2022இல் உழவு இயந்திரத்துக்கு டீசலின்றிக் கமக்காரனும், படகுக்கு மண்ணெண்ணெயின்றி முல்லைத்தீவு மீனவனும் வாடினர். கடன்கொடுத்தோர் ஒன்றுகூடத் தாமதித்த ஒவ்வொரு மாதத்தின் சுமையும் இத்தகையோர் தோளிலேயே வீழ்ந்தது.

கடன்பட்டவன் களத்துக்கு மூன்று கடன்காரர் தனித்தனியே வந்தால், முந்தியவன் நெல்லை அளந்து செல்வான்; பிந்தியவர் வெறுங்கையுடன் சினந்து நிற்பர்; விதைநெல்லும் எஞ்சாது. மூவரும் ஒருங்கிருந்து பேசினால், விதைநெல்லை முதலில் ஒதுக்கி, மிகுதியைப் பங்கிடலாம். விதைநெல் இருந்தாலன்றி அடுத்த போகத்திற் கடன் தீர்வதெங்ஙனம்? சர்வதேசப் பொருளாதார ஒத்துழைப்பின் சாரம் இதுவே.

ஆனால், குளக்கூட்டத்திற் கடைவாய்க்காற் கமக்காரனும் எழுந்து பேசலாம். உலக மாநாட்டிற் சிறு நாடுகளுக்கு அவ்வுரிமை அரிது. 2023 செப்டெம்பரிற் புதுடில்லியில் ஆபிரிக்க ஒன்றியம் ஜி-20இன் உறுப்பாகச் சேர்க்கப்பட்டமை நல்லதொரு தொடக்கம். கடன்பட்ட நாட்டின் குரல் காலந்தாழ்த்தாது கேட்கப்படவேண்டும். அதன் விதைநெல் முதலிற் காக்கப்படவேண்டும். இவ்விரண்டும் நிறைவேறும் நாளிலேயே அம்மாநாடுகள் உலகனைத்துக்கும் உரியனவாகும்.