அவளுக்கு ஏன் இன்னும் ஆகலை?

கடைசி வரிசையில் சலங்கை கட்டிக்கொண்டு காத்திருக்கும் குழந்தைகளே, அடுத்தது உங்கள் நடனம்தான். சீக்கிரம் இறங்கிவிடுகிறேன்.

நேற்று சாயங்காலம் உங்கள் மினியாபோலிஸில் நிக்கோலெட் மால் பக்கம் கூட்டிக்கொண்டு போனார்கள். அங்கே வெண்கலத்தில் ஒரு பெண், தலைத் தொப்பியை வானத்தில் வீசியபடி நிற்கிறாள். நம் ஊர் சிலை என்றால் விரலை நீட்டிக்கொண்டு நிற்கும். இது தொப்பியை வீசுகிறதே என்று விசாரித்தேன். 1970-இல் தொடங்கிய தொலைக்காட்சித் தொடரின் நாயகி மேரி ரிச்சர்ட்ஸ். நடித்தவர் மேரி டைலர் மூர். முப்பது வயது, கல்யாணமாகாதவள், தனியாக இந்த ஊருக்கு வந்து ஒரு தொலைக்காட்சி நிலையத்தின் செய்திப் பிரிவில் வேலைக்குச் சேர்கிறாள். எழுதியவர்கள் அவளை முதலில் விவாகரத்தானவளாகத்தான் யோசித்திருக்கிறார்கள். தொடரை ஒளிபரப்பிய சிபிஎஸ் நிறுவனம் ஒத்துக்கொள்ளவில்லை. அதனால் காதல் முறிந்து வந்தவள் என்று மாற்றினார்கள். பள்ளிக்கூடத்தில் லீவு லெட்டர் நீட்டுகிற மாதிரி, ஒரு பெண் தனியாக இருப்பதற்கு அமெரிக்காவிலும் லெட்டர் கேட்டிருக்கிறார்கள்!

நம் படங்களில் அந்த லெட்டர் பக்கம் பக்கமாக இருக்கும்.

1974-இல் பாலசந்தரின் 'அவள் ஒரு தொடர்கதை'. சுஜாதா நடித்த கவிதா வேலைக்குப் போகிறாள். அவளுக்கு ஏன் கல்யாணம் ஆகவில்லை? அப்பா சந்நியாசியாகப் போய்விட்டார், அண்ணன் குடிகாரன், தங்கை விதவை, தம்பிக்குக் கண் தெரியாது. போதுமா? போதாது. அண்ணன் திருந்தி, அவளுக்குக் கல்யாணம் கூடி வருகிற நேரத்தில் அவன் செத்துப்போகிறான். கவிதா மறுபடி வேலைக்குக் கிளம்புகிறாள். மேரியைப் போலத் தூக்கி வீச அவளிடம் தொப்பியும் இல்லை, நேரமும் இல்லை. ஆனாலும் பாலசந்தருக்கு ஒரு கும்பிடு போட வேண்டும். கவிதாவை அழுமூஞ்சியாக்காமல், வீட்டையே அதட்டி வைக்கிற வாயைக் கொடுத்தார். சம்பாதிக்கிற ஆம்பிளைக்கு வாய் நீண்டால் நாம் அதைக் கண்டிப்பு என்போம். அவளுக்கோ அந்த வாய்க்கு வட்டியாகத் தியாகத்தையும் கட்டச் சொன்னார்கள். தெலுங்கு, வங்காளம், இந்தி, கன்னடம் என்று எல்லாரும் இந்தக் கதையை வாங்கி எடுத்தார்கள்.

1978 தீபாவளிக்கு நடந்ததைச் சொல்லாமல் இறங்க எனக்கு மனசில்லை. அந்தத் தீபாவளிக்கு வந்த இரண்டு படங்களில் கமல்ஹாசன் நாயகன், இரண்டுக்கும் இளையராஜா இசை. ஒன்று 'சிகப்பு ரோஜாக்கள்'. நம்பிக் கூட வரும் பெண்களைக் கொன்று தோட்டத்தில் புதைக்கிறவனின் கதை. இன்னொன்று ருத்ரய்யாவின் 'அவள் அப்படித்தான்'. முதல் படத்துக்குக் கூட்டம் அலைமோதியது. இரண்டாவது படத்துக்கு ஆரம்பத்தில் கொட்டகைகள் காற்று வாங்கின.

'அவள் அப்படித்தான்' மஞ்சுவாக ஸ்ரீப்ரியா நடிக்கவில்லை, கோபத்தோடு வாழ்ந்துவிட்டுப் போனார். விளம்பர நிறுவனத்தில் வேலை. முதலாளியாக ரஜினி, நெற்றியில் விபூதி, கையில் கோப்பை. பெண்களைப் பற்றி ஆவணப்படம் எடுக்க வரும் அருணாகக் கமல். மஞ்சுவுக்கும் லெட்டர் உண்டு: அம்மாவின் நடத்தை, ஏமாற்றிப் போன காதலர்கள். ஆனால் அதை அவள் மன்னிப்புக் கேட்கிற குரலில் வாசிப்பதில்லை. கடைசிக் காட்சியில் நான்கு பேர் ஒரே காரில் போகிறார்கள். அருணுக்குக் கல்யாணமாகிவிட்டது, புது மனைவி பக்கத்தில். பெண் விடுதலையைப் பற்றி என்ன நினைக்கிறாய் என்று அவளிடம் மஞ்சு கேட்கிறாள். அந்தப் பெண் வெகுளியாக, எனக்கு அதெல்லாம் தெரியாது என்கிறாள். அதனால்தான் நீ சந்தோஷமாக இருக்கிறாய் என்கிறாள் மஞ்சு. பிறகு மஞ்சுவை நடுரோட்டில் இறக்கிவிட்டுவிட்டு கார் போய்விடுகிறது. இறங்கி நிற்கிற மஞ்சுவைப் பார்த்து நான் பரிதாபப்பட்டது சின்ன வயதில். இப்போது பார்த்தால் அந்தக் காருக்குள் இருப்பவர்கள்மேல்தான் பரிதாபம் வருகிறது.

பிறகு தொலைக்காட்சித் தொடர்கள் வந்தன. இங்கே என் அத்தையைக் கூப்பிட்டுக்கொள்கிறேன். திருநெல்வேலியில் டெலிபோன் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவர், கல்யாணம் செய்துகொள்ளாதவர். ஏன் என்று கேட்டவர்களுக்கு ஆளுக்கொரு லெட்டர் வைத்திருந்தார். மூலை வீட்டு ஆச்சிக்குச் செவ்வாய் தோஷம், பேங்க் மேனேஜருக்குத் தம்பிகளின் படிப்பு, ரொம்பத் துருவினால் 'உங்க பையனைக் கேட்டேன், நீங்க தரலையே!'

2003 முதல் 2009 வரை, 1,500 பகுதிகளுக்கு மேல், 'கோலங்கள்' தொடரை விடாமல் பார்த்தார். தேவயானி நடித்த அபி, கட்டட கம்பெனி நடத்துகிறவள், கணவனை விவாகரத்து செய்தவள். அந்த நாளில் அது பெரிய விஷயம். ஆனால் சூழ்ச்சி, கேஸ், துரோகம் என்று ராத்திரிக்கு ஒன்று வந்து விழும். அத்தை தட்டில் தோசையை வைத்துக்கொண்டு ஒருநாள் சொன்னார்: "ஒரு நாளாவது இவள நிம்மதியா உக்காந்து சோறு திங்க விடுதானுவளா பாரு."

தனியாக இருக்கிற பெண் சாப்பிடுவதை, சும்மா ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பதை, ஞாயிற்றுக்கிழமை தலைக்கு எண்ணெய் வைப்பதை நம் கேமராவுக்குக் காட்டத் தெரியவில்லை. யாராவது கதவைத் தட்டினால்தான் அவளுக்குக் காட்சி.

2017-இல் வந்த 'அறம்' படத்தில் நயன்தாரா கலெக்டர். வீட்டில் யார், கழுத்தில் என்ன என்று படம் விசாரிக்கவே இல்லை. எனக்கு ஆச்சரியமாக இருந்தது. அப்புறம்தான் புரிந்தது: ஆழ்துளைக் கிணற்றில் ஒரு குழந்தை விழுந்து கிடக்கிறது. நாம் அந்தக் கேள்வியை மறக்க அவ்வளவு பெரிய பள்ளம் தேவைப்பட்டிருக்கிறது!

அன்றைக்குத் தோசை தட்டு காலியானதும் நானும் கேட்டுவிட்டேன்: "நெசமாவே ஏன் அத்தை கல்யாணம் பண்ணிக்கிடல?" தொலைக்காட்சியிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னார்: "ஏல, வெளம்பரம் முடிஞ்சிட்டு. பேசாமப் பாரு."