கிடைத்த பள்ளியும் கற்கும் மனமும்
(ஸ்ருத பஞ்சமி விழாவில் ஆற்றிய உரை)

 

ஸ்ருத பஞ்சமி வருகின்ற காலமும் பள்ளிகள் திறக்கின்ற காலமும் ஏறத்தாழ ஒன்றே. ஆலயத்தில் நாம் ஆகம நூல்களைப் பீடத்தில் அமர்த்திப் பூசிக்கிறோம். அதே நாள்களில் நம் இல்லங்களில் பேச்சு ஒன்றே ஒன்றுதான்: பிள்ளைக்கு எந்தப் பள்ளியில் இடம் கிடைத்தது? இவ்விரண்டையும் சேர்த்து எண்ணிப் பார்க்கவே இன்று உங்கள் முன் நிற்கின்றேன்.

சென்ற ஆண்டு என் பேத்தி ஐந்தாம் வகுப்பு முடித்தாள். ஆறாம் வகுப்பிற்கு நாங்கள் விரும்பிய பள்ளி ஒன்று. விண்ணப்பித்தோர் பலர், இடங்கள் சில. பட்டியலில் அவள் பெயர் இல்லை. வீட்டிற்கு அருகிலிருந்த அரசுப் பள்ளியில் சேர்த்தோம். அன்று மாலை உறவினர் ஒருவரிடம் தொலைபேசியில், “என்ன செய்வது, இதுதான் கிடைத்தது” என்று சலிப்போடு கூறினேன். கதவருகே குழந்தை நின்றதை நான் கவனிக்கவில்லை. பள்ளி திறந்த நாளன்று புதிய சீருடையோடு வந்து, “தாத்தா, நான் போகிற பள்ளி நல்ல பள்ளி இல்லையா?” என்று கேட்டாள். என்னால் விடை கூற இயலவில்லை. ஓராண்டு கழித்து இன்று அதற்கு விடை கூற முயல்கின்றேன்.

தத்துவார்த்த சூத்திரத்தின் ஆறாம் அத்தியாயத்தில், ஞானாவரணீயம் என்னும் அறிவை மறைக்கும் வினை எவ்வாறு உயிரை வந்தடைகிறது என்பதை உமாசுவாமிகள் கூறுகிறார். அறிவின்மீது காழ்ப்புக் கொள்ளுதல், கற்றதையும் கற்பித்தவரையும் மறைத்தல், பொறாமை, பிறர் கல்விக்கு இடையூறு செய்தல், அறிவையும் அறிவிப்போரையும் அவமதித்தல், பழித்துக் கெடுத்தல் ஆகியவை அதன் வாயில்கள். பன்முறை இப்பகுதியைப் படித்த நான், என் சலிப்புமொழியும் இப்பட்டியலில் அடங்கும் என்று எண்ணியதில்லை. பிள்ளை செவிபட அதன் பள்ளியை இகழ்ந்தால், நாளை அங்கே பாடம் சொல்லவிருக்கும் ஆசிரியரை முன்கூட்டியே இகழ்ந்தவராகிறோம். குழந்தையின் கற்கும் விருப்பத்திற்கு நாமே இடையூறு ஆகிறோம்.

மற்றொன்றும் சொல்ல வேண்டும். “உன் வினைப்பயன் அவ்வளவுதான்” என்று பிள்ளைகளிடம் கூறும் வழக்கம் நம்மிடையே உண்டு. வினைக் கொள்கை நம்மை நாமே ஆராய்வதற்குத் தரப்பட்டது. பத்து வயதுக் குழந்தையைத் தலைகுனியச் செய்வதற்கு அன்று. இடங்கள் குறைவு, கேட்டவர் மிகுதி. பட்டியலில் பெயர் இல்லாமற் போனதற்குக் காரணம் அதுவே என்று குழந்தைக்கு உள்ளவாறே எடுத்துரைப்பதுதான் வாய்மை.

இன்றைய விழாவிற்குரிய வரலாறு நீங்கள் அறிந்ததே. கிர்நார் மலையின் சந்திர குகையில் வாழ்ந்த தரசேனாசாரியர், தம்மோடு ஆகம அறிவு மறைந்துவிடுமோ என அஞ்சித் தென்னாட்டு முனிவர் சங்கத்திற்கு ஓலை விடுத்தார். இருவர் வந்தனர். அவர்களைச் சோதிக்க ஆளுக்கொரு மந்திரம் கொடுத்தார். ஒன்றில் ஓரெழுத்து மிகுந்திருந்தது. மற்றொன்றில் ஓரெழுத்துக் குறைந்திருந்தது. உருவேற்றியபோது தோன்றிய தேவதைகளுள் ஒருத்திக்குப் பல் நீண்டிருந்தது, மற்றவளுக்கு ஒரு கண் இல்லை. முனிவர் இருவரும் ஆசிரியரைக் குறை கூறவில்லை. மந்திரத்தை எறிந்துவிடவும் இல்லை. பிழை எங்கே என ஆராய்ந்து, மிகுந்ததை நீக்கி, குறைந்ததை நிரப்பி, மீண்டும் ஓதினர். அதன் பின்னரே அவர்களுக்குப் பாடம் தொடங்கிற்று. அவ்விருவரே புட்பதந்தரும் பூதபலியும். புட்பதந்தர் தொடங்கிய ஷட்கண்டாகமத்தை நிறைவு செய்த பூதபலி, தமிழ்நாட்டை நோக்கி வந்தவர் என்பது நமக்குப் பெருமை தரும் செய்தி.

நமக்குக் கிடைக்கும் பள்ளியும் பெரும்பாலும் ஓரெழுத்துக் குறைந்ததாகவோ மிகுந்ததாகவோதான் இருக்கும். என் பேத்தியின் பள்ளியில் சில மாதங்கள் அறிவியலுக்கு ஆசிரியர் இல்லை. என் மருமகள் மாலையில் அவளுக்கும் தெருவிலுள்ள மூன்று பிள்ளைகளுக்கும் அப்பாடத்தைச் சொல்லிக்கொடுத்தார். பெற்றோர் சிலர் கூடித் தலைமையாசிரியரிடம் முறையிட்டனர். குறையைக் குறையென்று சொல்வது இகழ்ச்சி ஆகாது. அதை நிரப்ப முற்படாமல் பேசிக்கொண்டே இருப்பதுதான் இகழ்ச்சி.

இவ்வூரின் மகள் ஒருவரையும் நினைவுகூர்வோம். 1886ஆம் ஆண்டு புதுக்கோட்டையில் பிறந்த முத்துலட்சுமி அம்மையாருக்கு மேற்படிப்புக்குத் தேர்ந்தெடுக்கப் பள்ளிகளே இல்லை. வீட்டிலிருந்தே பயின்று மெட்ரிகுலேஷன் தேறினார். ஆடவர் பயின்ற மன்னர் கல்லூரியில் இடம் கேட்டபோது எதிர்ப்பு எழுந்தது. மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் இசைவளித்த பின்னரே சேர முடிந்தது. வரவேற்பில்லாத வகுப்பறையில் அமர்ந்து கற்ற அவர், 1912இல் சென்னையில் மருத்துவப் பட்டம் பெற்றார். சென்னை மாகாணச் சட்ட மேலவையின் துணைத்தலைவரானார். 1954இல் அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனை தொடங்கக் காரணமானார்.

நகரிலிருந்து சிறிது தொலைவிலுள்ள சித்தன்னவாசலுக்கு நாம் அடிக்கடி செல்கிறோம். ஏழடிப்பட்டத்தின் குளிர்ந்த கற்படுக்கைகளே அங்கு உறைந்த முனிவர்களின் பள்ளி. பள்ளி என்ற சொல் துறவியர் உறைவிடத்திற்கும் கல்விச்சாலைக்கும் பொதுவாக நின்றது தற்செயலன்று. அறிவர் கோயிலை ஒன்பதாம் நூற்றாண்டில் புதுப்பித்தவரைக் கல்வெட்டு, மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் என்று குறிக்கிறது. பழுதுற்றதைக் கண்டு திரும்பிப் போகாமல் செப்பனிட்டுத் தந்தவர் ஓர் ஆசிரியர்.

ஆகவே இரு வேண்டுகோள்கள். வட மாவட்டங்களிலிருந்து பணிநிமித்தம் இங்கு வந்து குடியேறிய நம் குடும்பங்களில் கற்றவர் பலர் உள்ளனர். வாரத்தில் ஒரு மாலை, நம் பிள்ளைகளோடு அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்கும் ஒரு பாடம் சொல்லித்தர முன்வாருங்கள். நால்வகைத் தானங்களுள் சாஸ்திர தானம் அதுவே. இரண்டாவது, விரும்பிய பள்ளி கிட்டாதபோது வருந்துங்கள். அடுத்த ஆண்டு மீண்டும் முயல்வதிலும் தவறில்லை. ஆனால் அவ்வருத்தத்தைக் குழந்தையின் தோளில் ஏற்றாதீர்கள்.

பேத்தி முன்வரிசையில் அமர்ந்திருக்கிறாள். அம்மா, நீ போகிற பள்ளி நல்ல பள்ளிதான். அதில் குறைகளும் உண்டு. அவற்றை உன்னோடு சேர்ந்து நிரப்ப நாங்கள் இருக்கிறோம். அன்று இதைச் சொல்லாதது தாத்தாவின் பிழை. பொறுத்துக்கொள்.