தள்ளுபடிச் சங்கமும் தவணைக் கடனும்

(ஊராட்சி உறுப்பினர் பயிற்சி முகாமில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஒருவர் ஆற்றிய உரை)



விதை, உரம், பாசனம் ஆகியவை பற்றி இம்முகாமில் அறிஞர் பலர் பேசினர். விளைச்சலைப் பெருக்கும் வழிகளை அவர்கள் விளக்கினர். விளைந்ததை விற்று வந்த பணம் வீட்டில் தங்குவதற்கான வழியைப் பற்றி நாம் சிறிது பேச விரும்புகிறோம். வயலுக்கு நீர் பாய்ச்சினால் மட்டும் போதாது. வரப்பிலுள்ள நண்டு வளையையும் அடைத்தாக வேண்டுமல்லவா?

அறுவடை முடிந்து கையில் காசு புழங்கும் காலத்தில் ஒரு தொலைபேசி அழைப்பு வருகிறது. "உங்கள் எண்ணுக்குப் பரிசு விழுந்திருக்கிறது. கணவன் மனைவி இருவரும் நகரத்து ஓட்டலுக்கு வந்து பெற்றுக்கொள்ளுங்கள்" என்கிறது ஓர் இனிய குரல். அங்கே சென்றால், ஒரு சங்கத்தில் அங்கத்தினராகச் சேரும்படி வற்புறுத்துகிறார்கள். சேர்ந்தால் வீட்டுச் சாமான்களை மலிவு விலையில் வாங்கலாம் என்பார் ஒருவர். ஆண்டுதோறும் மலைவாசத் தலங்களில் தங்கலாம் என்பார் மற்றொருவர். சந்தா மட்டும் பல்லாயிரம் ரூபாய்!

இது புதிய வித்தையன்று. அமெரிக்க நாட்டில் 1971-ஆம் ஆண்டு இண்டியானா மாநிலத்தில் தொடங்கி, பின்னர் 'டைரக்ட்பை' எனப் பெயர் மாற்றிக்கொண்ட கொள்முதல் சங்கம் ஒன்று இருந்தது. தொழிற்சாலை விலைக்கே பொருள் தருவோம் என்பது அதன் வாக்குறுதி. ஆனால் அந்த விலைப் பட்டியலைக் காண்பதற்கே முதலில் பல ஆயிரம் டாலர் கட்டி அங்கத்தினராக வேண்டும். அழைப்பை ஏற்று வந்தவர் அன்றே முடிவு சொல்ல வேண்டும். யோசித்துவிட்டு மறுநாள் வருகிறேன் என்றால் வாய்ப்புப் போய்விடும் என்பார்கள். உற்பத்தியாளரிடமிருந்து பெற்ற சலுகைகளை அங்கத்தினருக்கு அளிக்காமல் தானே வைத்துக்கொண்டது என்று அச்சங்கத்தின் மீது வழக்குத் தொடர்ந்தனர். வழக்கை முடித்துக்கொள்வதற்காக அது முன்வைத்த சமரச ஏற்பாட்டைப் பல மாநிலங்களின் அரசு வழக்குரைஞர்கள் எதிர்த்தனர். 2011-இல் கனெக்டிகட் மாநிலத்துக் கூட்டாட்சி நீதிமன்றம் அதனை ஏற்க மறுத்தது. 2016-ஆம் ஆண்டில் அந்நிறுவனம் திவால் மனுக் கொடுத்தது.

கற்றவர் நிறைந்த நாட்டிலேயே இவ்வாறு நடந்ததென்றால், ஏமாந்தவரை அறிவிலிகள் என இகழ்வது முறையாகாது. இவ்விற்பனையில் உள்ள தந்திரங்களை அறிந்துகொள்வதே பயன் தரும்.

முதலாவது, பரிசு. ஒரு சிறு பாத்திரத்தைக் கையில் வாங்கிவிட்டால், கொடுத்தவர் மனம் நோக மறுத்துப் பேச நம்மவர்க்கு நா எழுவதில்லை. விருந்தோம்பும் நல்ல குணமே இங்கு வலையாகிறது. இரண்டாவது, தம்பதியராக வரச் சொல்வது. "வீட்டில் கேட்டுச் சொல்கிறேன்" என்று எழுந்துவர வழியில்லாமற் செய்வதற்காகவே இந்த ஏற்பாடு. மூன்றாவது, நேரம். இரண்டு மூன்று மணி நேரம் ஒருவர் மாற்றி ஒருவர் பேசிக் களைப்படையச் செய்கிறார்கள். நான்காவது, விலைக் குறைப்பு. முதலில் ஒரு பெருந்தொகை சொல்லி, பின்னர் "மேலாளரிடம் கேட்டு வருகிறேன்" என்று உள்ளே சென்று வந்து, "இன்று மட்டும் பாதி" என்கிறார்கள். இன்று பாதிக்குத் தரக்கூடியதை நாளை ஏன் தரக்கூடாது என்று நாம் கேட்க வேண்டும்.

கணக்கையும் பார்ப்போம். ஓர் உதாரணத்திற்கு, சந்தா 60,000 ரூபாய் என்றும், பொருள்களுக்குப் பத்துச் சதவீதம் தள்ளுபடி என்றும் வைத்துக்கொள்வோம். கட்டிய சந்தா திரும்பி வருவதற்கே 6,00,000 ரூபாய்க்குச் சாமான் வாங்க வேண்டும். அதற்கு மேல் வாங்குவதில்தான் இலாபம் தொடங்குகிறது. ஆண்டுக்கு 40,000 ரூபாய்க்குச் சாமான் வாங்கும் குடும்பத்திற்கு இதற்குப் பதினைந்து ஆண்டுகள் ஆகும். அங்கத்தினர் காலமோ மூன்று ஆண்டாக இருக்கலாம்! சந்தாவைத் தவணைக் கடனாக எழுதிக்கொண்டால் வட்டியும் சேர்கிறது. அவசரத்தில் இடும் கையெழுத்துகளுள் ஒன்று, மாதந்தோறும் வங்கிக் கணக்கிலிருந்து பணம் பிடித்துக்கொள்ளும் ஒப்புதலாகவும் இருக்கக்கூடும். சங்கம் கதவை மூடிவிட்டாலும் கடன் கொடுத்த நிறுவனம் தவணையைக் கேட்டுக்கொண்டேயிருக்கும். விதைநெல்லுக்கு வைத்த பணமும், மகளின் கல்லூரிக் கட்டணமும் அவ்வழியே கரைந்துபோகும்.

மாட்டுச் சந்தையில் நம் உழவர்கள் காட்டும் விழிப்பை நினைத்துப் பாருங்கள். பல்லைப் பிடித்துப் பார்க்கிறார்கள், சுழி பார்க்கிறார்கள், ஏர் பூட்டி நடத்திப் பார்க்கிறார்கள். தரகர் துண்டுக்கடியில் விரல் பிடித்து விலை பேசினாலும், வாங்குபவருக்கும் விற்பவருக்கும் விலை தெரியும். பணம் கட்டிய பிறகே மாட்டைக் காட்டுவேன் என்று ஒருவர் சொன்னால் அவரிடம் நிற்போமா? ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பது நம் முன்னோர் வாக்கு. சந்தையில் உள்ள அந்த அறிவு, குளிரூட்டிய அறையில் மறந்துபோகலாகாது.

இனிச் சட்டத்தைப் பார்ப்போம். அமெரிக்காவில், வாங்குபவர் வீட்டிலோ தற்காலிக இடத்திலோ செய்த விற்பனையை மூன்று வேலை நாட்களுக்குள் ரத்துச் செய்யலாம் என்ற விதி 1974 முதல் உள்ளது. விற்பவரின் நிலையான கடைக்கு அவ்விதி பொருந்தாது. ஆகவே கலிபோர்னியா மாநிலம் தள்ளுபடிக் கொள்முதல் சங்கங்களுக்கென்றே தனிச் சட்டம் இயற்றியது. நம் நாட்டில் எல்லா விற்பனைக்கும் பொதுவான அத்தகைய கால அவகாசம் இல்லை. ஆதலால் கையெழுத்திடுமுன் காட்டும் எச்சரிக்கையே முதற் பாதுகாப்பு.

ஆயினும் நாம் திக்கற்றவர் அல்லர். தரும் எண்ணமின்றிப் பரிசு தருவதாகச் சொல்வதும், பரிசின் விலையைப் பொருளின் விலையில் மறைத்துவிட்டு இலவசம் என்பதும் 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகமாகும். 2021-ஆம் ஆண்டின் நேரடி விற்பனை விதிகளின்படி, வீடு தேடி வரும் நேரடி விற்பனையாளர் அடையாள அட்டையும் முன் அனுமதியும் இன்றி வரலாகாது. ஆள் சேர்த்தால் பணம் என்னும் பணச்சுழற்சித் திட்டங்களை 1978-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்துள்ளது. ஏமாந்தவர் 1915 என்ற எண்ணில் முறையிடலாம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுகளுக்குள் வழக்கிடலாம். கொடுத்த தொகை ஐந்து இலட்சம் ரூபாய் வரை இருப்பின் கட்டணம் இல்லை. வழக்கறிஞர் இன்றித் தாமே வாதாடவும் செய்யலாம். பற்றுச்சீட்டும் ஒப்பந்தப் படியும் கையில் இருப்பது அவசியம்.

சேர்ந்து வாங்கினால் மலிவு என்பது பொய்யன்று. அது கூட்டுறவின் அடிப்படைத் தத்துவமே. 1844-இல் இங்கிலாந்தின் ராச்டேல் நகரில் இருபத்தெட்டுத் தொழிலாளர்கள் ஆளுக்கு ஒரு பவுன் பங்குப் பணம் சேர்த்து, மாவு, வெண்ணெய், சர்க்கரை முதலியவற்றை விற்கும் சிறு கடை ஒன்றைத் திறந்தனர். ஆளுக்கு ஒரு வாக்கு. இலாபம் வாங்கிய அளவுக்கு ஏற்பத் திரும்பி வந்தது. 1904-இல் சென்னைத் திருவல்லிக்கேணியில் தோன்றிய கூட்டுறவுப் பண்டகசாலையும் அவ்வழியில் வளர்ந்ததே. அங்கே விலை யாவர்க்கும் தெரியும். கணக்கு சபையின் முன் வைக்கப்படும். பங்குப் பணம் அங்கத்தினரின் சொத்தாகும். தள்ளுபடிச் சங்கத்திலோ சந்தா விற்பவரின் வருமானம். அங்கத்தினருக்கு வாக்கும் இல்லை, கணக்கும் இல்லை. இரண்டிற்கும் பெயரில்தான் ஒற்றுமை.

ஊராட்சி உறுப்பினர்களே! நீங்கள் செய்யக்கூடியவை சில உள. இத்தகைய விற்பனைக் கூட்டங்களுக்கு ஊராட்சிக் கட்டடத்தைத் தராதீர்கள். உங்கள் பெயரை அழைப்பிதழில் போட இசையாதீர்கள். தலைவரே சேர்ந்துவிட்டார் என்ற சொல்லே அவர்களுக்குப் பெரிய விளம்பரம். 1915 என்ற எண்ணை அறிவிப்புப் பலகையில் எழுதி வையுங்கள். கிராம சபையில் இச்செய்தியை எடுத்துரையுங்கள். மகளிர் குழுக்களும் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கமும் ஒன்றுகூடி உரமும் மளிகையும் மொத்தமாக வாங்க வழி செய்யுங்கள்.

உழவர் பெருமக்களே! "இன்றே கையெழுத்திடுங்கள்" என்று ஒருவர் சொன்னால், "தாளைக் கொடுங்கள், வீட்டில் படித்துப் பார்த்து நாளை வருகிறோம்" என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து வாருங்கள். நேர்மையான வியாபாரி நாளையும் அதே விலைக்குத் தருவார். தர மறுப்பவரிடம் வாங்காதிருப்பதே இலாபம்.