தம்புராவை இரைச்சல் என்று நினைத்த நிரல்

இன்று பட்டம் பெறும் இளம் நண்பர்களே,

2020 ஊரடங்கில் என் மகளின் பாட்டு வகுப்பு மடிக்கணினிக்கு மாறியது. டீச்சர் இருப்பது வேறு ஊர். முதல் நாள், மகள் சுருதிப் பெட்டியை ஐந்து கட்டைக்கு வைத்துப் பக்கத்திலேயே ஓடவிட்டு சரளி வரிசையை ஆரம்பித்தாள். இரண்டு வரி போனதும் டீச்சர் நிறுத்தினார்.

“சுருதி போட்டுக்கலையாம்மா?”

“போட்டிருக்கேன் டீச்சர். ஓடிட்டுதான் இருக்கு.”

“எனக்குக் கேக்கவே இல்லையே. கொஞ்சம் சத்தமா வை.”

சத்தத்தைக் கூட்டினாள். பெட்டியை மைக்குக்கு அருகில் நகர்த்தினாள். எங்கள் அறை முழுக்கச் சுருதி நிறைந்திருந்தது. டீச்சருக்கோ ஓரிரு நொடி கேட்டது, பிறகு தேய்ந்து மறைந்தது. குழந்தை மூன்று முறை நிறுத்தி நிறுத்திப் போட்டுப் பார்த்தாள். தன் பெட்டிதான் கெட்டுவிட்டது என்று அவள் முகம் வாடிப்போனது.

பெட்டியில் ஒரு பழுதும் இல்லை. ஒலி சார்ந்த மென்பொருள் எழுதிப் பிழைப்பவன் என்பதால் எனக்கு உடனே புரிந்தது. காணொளிச் செயலிகளில் இரைச்சலை நீக்கும் ஒரு பகுதி உண்டு. மனிதப் பேச்சு கணத்துக்குக் கணம் மாறும்; மின்விசிறியும் ஏசியும் ஒரே சீராக ஒலிக்கும். ஆகவே மாறாமல் நீடிக்கும் ஒலி எதுவோ அதுவே இரைச்சல் என்று அளந்து, அதைக் கழித்துவிட்டு மிச்சத்தை அனுப்புகிறது நிரல். அலுவலகக் கூட்டத்துக்கு இது அருமையான ஏற்பாடு. ஆனால் மாறாமல் நீடிப்பதுதானே அந்தப் பெட்டியில் ஒலிக்கும் தம்புராவின் வேலை? எந்த ஒலியைப் பிடித்துக்கொண்டு ஒரு குழந்தை பாடக் கற்றுக்கொள்கிறதோ, அந்த ஒலியைக் குப்பை என்று கூட்டித் தள்ளிவிட்டது அந்த நிரல்.

சுருதி மாதா, லயம் பிதா என்பார்கள். லயத்துக்கும் அந்த வகுப்பில் இடமில்லாமல் போனது. காற்றில் ஒலி நொடிக்குச் சுமார் 340 மீட்டர் போகும். மேடையில் இரண்டு மீட்டர் தள்ளி உட்கார்ந்திருக்கும் மிருதங்க வித்வானின் அடி, பாடகரின் காதுக்கு 6 மில்லி நொடியில் வந்து சேரும். இணையத்தில் ஒலியைப் பிடித்து, சுருக்கி, பொட்டலமாக அனுப்பி, மறுமுனையில் விரித்து ஒலிக்கவைப்பதற்குள் 100 மில்லி நொடி எளிதாகக் கடந்துவிடும். 34 மீட்டர் தள்ளி நிற்பவரோடு சேர்ந்து தாளம் போடுவதற்குச் சமம் அது. அதனால் டீச்சர் பாடுவார், இவள் கேட்பாள். பிறகு இவள் பாடுவாள், அவர் கேட்பார். குருவும் சிஷ்யையும் ஒரு வரியைக்கூடச் சேர்ந்து பாடாமலே மாதங்கள் ஓடின.

இந்தத் தாமதத்தில் ஒரு பகுதியாவது தூரத்தாலும் இயற்கை விதியாலும் வருவது. அதை முழுக்க ஒழிக்க முடியாது. சுருதி அழிந்த கதை வேறு. அது எங்கோ ஓர் அறையில், எந்த ஒலி வேண்டும், எது வேண்டாம் என்று சிலர் எடுத்த முடிவு. அந்த நீக்கத்தை நிறுத்தும் வசதியும் செயலியிலேயே இருந்தது, அமைப்புகளுக்குள் நாலைந்து படி இறங்கினால். பாட்டு கற்றுக்கொள்ளும் ஒரு குழந்தை அங்கே போய்ச் சேரும் என்று யாரும் எதிர்பார்க்க முடியாது. அந்த நிரலை எழுதியவர்கள் திறமைசாலிகள், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அவர்கள் சோதித்துப் பார்த்த ஒலிகளுக்குள் ஒரு தம்புரா இருந்திருக்காது.

நம் துறையின் ஆகப் பெரிய சாதனைகளிலும் இப்படி ஓர் இடம் விடுபட்டிருக்கிறது. 1983 ஜனவரியில் அமெரிக்காவின் அனஹைம் நகரில் நடந்த இசைக்கருவிக் கண்காட்சியில், போட்டி நிறுவனங்கள் இரண்டின் கருவிகளை ஒரு கேபிளால் இணைத்தார்கள். டேவ் ஸ்மித்தின் ப்ராஃபெட்-600 ஒன்று. இகுதாரோ கக்கேஹாஷி தொடங்கிய ரோலண்ட் நிறுவனத்தின் ஜூபிடர்-6 மற்றொன்று. ஒன்றில் கட்டையை அழுத்தினால் மற்றொன்று ஒலித்தது. கருவிகள் ஒன்றோடொன்று பேசும் அந்த மொழிதான் மிடி. நொடிக்கு 31,250 பிட், 0 முதல் 127 வரை சுர எண்கள், அவ்வளவுதான். காப்புரிமைப் பணம் கேட்காமல் எல்லோருக்கும் திறந்துவிட்டார்கள். நாற்பது ஆண்டுகள் கழித்தும் சென்னையின் ஒலிப்பதிவுக் கூடங்களில் அதே மொழிதான் ஓடுகிறது. 2013-இல் இருவருக்கும் தொழில்நுட்பத்துக்கான கிராமி விருது கொடுத்தார்கள். முழுத் தகுதியான விருது. போட்டியாளர்கள் கூடி உட்கார்ந்து உருவாக்கிய இதைப்போல வேறொன்றை என் தொழிலில் நான் பார்த்ததில்லை.

ஆனால் அந்த 128 எண்களில் தோடியின் காந்தாரம் எங்கே இருக்கிறது? தோடியில் காந்தாரம் ஒரு புள்ளியில் நிற்பதில்லை, ரிஷபத்துக்கும் மத்தியமத்துக்கும் இடையே ஊசலாடுகிறது. அந்த ஊசலாட்டம்தான் தோடி. கட்டையை அழுத்தினால் ஒரு சுரம் என்று பியானோவை மனத்தில் வைத்து வகுத்த முறைக்கு இது பிடிபடாது. சுரத்தை வளைப்பதற்கென்று ஒரு சக்கரம் இருந்தது. அதை உருட்டினால் அந்தத் தடத்தில் ஒலிக்கும் சுரங்கள் எல்லாம் சேர்ந்தே வளையும். ஒவ்வொரு சுரத்தையும் தனித்தனியே வளைக்கும் வசதி அடிப்படைத் தரத்துக்குள்ளேயே வந்தது 2020-இல், மிடி 2.0 அறிவிக்கப்பட்டபோது. முப்பத்தேழு ஆண்டுகள்! (கட்டைகளோடு நமக்கிருக்கும் வழக்கு பழையது. கமகம் வராது என்பது உள்ளிட்ட காரணங்களைச் சொல்லி, அகில இந்திய வானொலி 1940 முதல் 1971 வரை ஆர்மோனியத்தையே ஒதுக்கி வைத்திருந்தது.) மிடியை வகுத்த பொறியாளர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவர்கள் மேசையில் நம்மவர் யாரும் இல்லை. இனி அந்த மேசைகளில் நீங்கள் உட்காரப் போகிறீர்கள்.

மற்றவர்களைச் சொல்லிவிட்டேன், என்னையும் சொல்லியாக வேண்டும். பாட்டு ஒலிக்கும் செயலி ஒன்றில் நான் வேலை பார்த்தேன். ஒரு பாட்டுக்கும் அடுத்ததுக்கும் நடுவே சிறு இடைவெளி விழுகிறது என்ற புகார் எங்கள் பட்டியலில் ஓராண்டுக்கு மேல் கிடந்தது. ‘முன்னுரிமை குறைவு’ என்று குறித்தவன் நான்தான். சினிமாப் பாட்டு கேட்பவர்களுக்கு அது தெரியாது என்பது என் கணக்கு.

ஒரு விடுமுறையில் பெரியப்பா வீட்டுக்குப் போயிருந்தேன். அவர் கேசட் காலத்து ரசிகர். தன் சேகரிப்பை எம்பி3 ஆக்கி, எங்கள் செயலியில்தான் கேட்டுக்கொண்டிருந்தார். ராகம் தானம் பல்லவி, மூன்று கோப்புகளாக. கண்ணை மூடியிருந்தார். வலது கை தொடையில் அசைந்துகொண்டிருந்தது. தானம் முடிந்து பல்லவிக்குள் நுழையும் இடத்தில், கச்சேரியில் மூச்சுவிடக்கூட இடைவெளி இல்லாத இடத்தில், அரை நொடி வெற்றிடம். அவர் கை தொடைக்கு மேலே அந்தரத்தில் நின்றது. கண்ணைத் திறந்தார். பிறகு ஒன்றும் சொல்லாமல் மூடிக்கொண்டார்.

“கேசட்லயும் நடுவுல திருப்பிப் போடணுமே பெரியப்பா?” என்று கேட்டேன்.

“அது நானா எழுந்து போய்த் திருப்புறதுப்பா. இது சொல்லாம கொள்ளாம அறுக்குது” என்றார்.

பயனர் அனுபவம் பற்றி நான் படித்த புத்தகங்கள் எதுவும் அதை இவ்வளவு தெளிவாகச் சொன்னதில்லை.

காரணம் சின்னதுதான். எம்பி3 ஒலியை 1,152 மாதிரிகள் கொண்ட சட்டங்களாக நறுக்குகிறது. 44,100 ஹெர்ட்ஸ் ஒலியில் ஒரு சட்டம் சுமார் 26 மில்லி நொடி. பாட்டு அந்தக் கணக்கில் சரியாக முடியாதபோது மிச்ச இடத்தை மௌனத்தால் நிரப்புவார்கள். எவ்வளவு மௌனம் சேர்த்தோம் என்று பல கோப்புகளின் தலைப்பிலேயே எழுதியும் வைத்திருப்பார்கள். நாங்கள் அதைப் படிக்கவே இல்லை. போதாததற்கு, ஒரு கோப்பு முடிந்த பிறகுதான் அடுத்ததைத் திறந்தோம். திரும்பிப் போனதும் மூன்று நாளில் சரிசெய்தேன். ஓராண்டு கிடந்த புகார், மூன்றே நாள் வேலை.

உங்களில் பலருக்கு வேலைக்கான ஆணை கைக்கு வந்திருக்கும். சேர்ந்த பிறகு, உங்கள் செயலியைப் பயன்படுத்தும் ஒருவரையாவது நேரில் பார்க்க வேண்டும் என்று மேலாளரிடம் கேளுங்கள். மறுத்தால் மறுபடியும் கேளுங்கள். அதற்கு முன், இன்று ராத்திரியே ஒன்று செய்ய முடியும். வீட்டுக்குப் போனதும் அம்மாவிடமோ தாத்தாவிடமோ செல்பேசியைக் கொடுத்து, அவர்களுக்குப் பிடித்த பாட்டு ஒன்றைத் தேடிப் போடச் சொல்லுங்கள். பக்கத்தில் உட்காருங்கள். விரல் எங்கே தயங்குகிறது என்று பாருங்கள். இடையில் கையை நீட்டி உதவிவிடாதீர்கள். பாட்டு வரும்வரை பொறுத்திருந்து, வந்ததும் அவர்களோடு கடைசிவரை கேளுங்கள்.